தானியங்கித் தோட்டி

நாகமலை புதுக்கோட்டையில் இன்று ஒருவர் மூன்று சென்டில் வீடு கட்ட ஆரம்பித்தால், கொத்தனார் எழுதித் தரும் எஸ்டிமேட்டில் செப்டிக் டேங்க் கடைசிப் பக்கத்தில்தான் வரும். காம்பவுண்டுச் சுவருக்கும் கேட்டுக்கும் நடுவில் ஒரே வரி: பத்துக்கு ஆறு, ஆழம் எட்டு. நிலைக்கதவு தேக்கா வேம்பா, டைல்ஸ் எந்தக் கம்பெனி என்று ஒரு வாரம் சண்டை போடுகிற குடும்பம், இந்த வரிக்கு வந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்கும். "இன்னும் கொஞ்சம் பெருசாப் போட முடியுமா?" கொத்தனாரிடம் பதில் தயாராக இருக்கும். "இதே போதும் சார். பதினஞ்சு வருசத்துக்குத் திரும்பிப் பாக்க வேணாம்."

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துக்கு ஆறு, எட்டடி ஆழம் என்றால் 480 கன அடி. ஏறத்தாழ 13,500 லிட்டர். இந்தியத் தர நிர்ணயத்தில் செப்டிக் டேங்குக்கென்றே ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது, ஐ.எஸ். 2470. ஐந்து பேர் புழங்கும் வீட்டுக்கு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கழிவை எடுப்பதாக வைத்துக்கொண்டு அது சொல்லும் அளவு: நீளம் ஒன்றரை மீட்டர், அகலம் முக்கால் மீட்டர், தண்ணீர் நிற்கும் ஆழம் 1.05 மீட்டர். நம் கணக்கில் அஞ்சடிக்கு ரெண்டரை அடி, ஆழம் மூன்றரை. கொள்ளளவு 1,200 லிட்டர்கூட வராது. எட்டடிக் குழியில் மேலே ஓரடியைக் காற்றுக்கு விட்டுவிட்டாலும் நாம் கட்டுவது அதைப்போல் பத்து மடங்கு.

பணமாகவும் பார்க்கலாம். இப்போதெல்லாம் கான்ட்ராக்டர்கள் சம்புக்கும் செப்டிக் டேங்குக்கும் லிட்டர் கணக்கில் ரேட் சொல்கிறார்கள். லிட்டருக்கு 15 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் 13,500 லிட்டருக்கு இரண்டு லட்சம் தாண்டிவிடும். விதிப்படியான சின்னத் தொட்டியை, மேல் இடைவெளியையும் சேர்த்து 1,500 லிட்டர் என்று வைத்து, சின்ன வேலை என்பதால் லிட்டருக்கு இரண்டு மடங்கு கொடுத்தாலும் ஐம்பதாயிரத்துக்குள் முடியும். உறிஞ்சுகுழி இரண்டுக்குமே தனிச் செலவு.

ஒவ்வொரு செங்கல்லுக்கும் பேரம் பேசுகிற நடுத்தரக் குடும்பம், தேவையில்லாத ஒரு பள்ளத்துக்கு ஒன்றரை லட்சத்தைத் தூக்கிக் கொடுக்கிறது. அறியாமை என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை. அந்தக் காசு எதை வாங்குகிறது என்பது வீட்டுக்காரருக்கும் தெரியும், கொத்தனாருக்கும் தெரியும். 'திரும்பிப் பாக்க வேணாம்' என்பதைத்தான் வாங்குகிறது. அதற்குப் பின்னால் நூற்றைம்பது வருடக் கதை இருக்கிறது.

*

கதை பிரான்சின் வெசூல் என்ற சிற்றூரில் தொடங்குகிறது. ழான்-லூயி மூரா என்பவர் 1860களில் தன் வீட்டுக் கழிவுக்காகக் காற்றுப் புகாத ஒரு தொட்டியைக் கட்டினார். வீட்டிலிருந்து வரும் குழாயும் வெளியே போகும் குழாயும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே முங்கியிருக்கும். அவ்வளவுதான் விஷயம். பல வருடம் கழித்துத் திறந்து பார்த்தால், நிரம்பி வழிய வேண்டிய தொட்டியில் கெட்டியாக ஏதும் பெரிதாக இல்லை, பெரும்பாலும் தண்ணீராகவே இருந்தது. 1881-இல் காப்புரிமை வாங்கினார். பாதிரியாரும் அறிவியல் பத்திரிகையாளருமான முவாஞோ அதைப் பற்றி எழுதிப் பரப்பினார். அப்போது அதற்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'தானியங்கித் தோட்டி'. செப்டிக் டேங்க் என்ற பெயர் வருவதற்கு முன்பே, இது யாருடைய இடத்தைப் பிடிக்க வந்தது என்பதைப் பெயர் சொல்லிவிட்டது. பாரிஸிலும் லியோனிலும் இரவில் வண்டியோடு வந்து கழிவுக்குழியை அள்ளிப்போகும் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் இனி வேண்டாம் என்பதுதான் விளம்பரமே.

'செப்டிக்' என்ற சொல்லைக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரப் பொறியாளர் டொனால்ட் கேமரன், 1895-இல். 'புண்ணு செப்டிக் ஆயிருச்சு' என்று நம் வீட்டில் சொல்கிறோமே, அதே செப்டிக்தான். அழுகுவது என்று பொருள். அதுவரை அழுகல் என்றால் நோய், அதைத் தடுக்க வேண்டும் என்றிருந்த ஊரில், அழுகட்டும், அழுகுவதுதான் வேலை என்று ஒருவர் பெருமையாகப் பெயர் வைத்தார். நுண்ணுயிரிகள் இருட்டில், காற்றில்லாமல் கழிவைத் தின்று கரைக்கின்றன. எண்ணெயும் நுரையும் மேலே ஆடையாகப் படியும், கரையாதது அடியில் சேறாகத் தங்கும், நடுவில் உள்ள தண்ணீர் வெளியேறும். வெளியேறுவதில் பாதி அழுக்கும் பெருமளவு கிருமிகளும் அப்படியே இருக்கும். மீதி வேலையை மண்தான் செய்ய வேண்டும். இந்த நூற்று முப்பது வருடத்தில் அந்த இயக்கத்தில் ஒன்றும் மாறவில்லை.

செப்டிக் டேங்கின் செலவு பற்றிய முதல் பெரிய சண்டையும் கேமரனால் வந்ததுதான். அவருடைய அமெரிக்கக் கம்பெனி, தொட்டி கட்டிய ஊர்களையெல்லாம் காப்புரிமைத் தொகை கேட்டுக் கோர்ட்டுக்கு இழுத்தது. தொட்டியின் வடிவத்துக்கு மட்டுமல்ல, அதற்குள் நடக்கும் அழுகலுக்கும் சேர்த்து உரிமை கோரியது. கடைசியில் 1913-இல், அயோவா மாநிலத்தின் நாக்ஸ்வில் என்ற சின்ன ஊருக்கு எதிரான வழக்கில், பிரிட்டிஷ் காப்புரிமை முடிந்தபோதே அமெரிக்கக் காப்புரிமையும் முடிந்துவிட்டது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு அழுகுவதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

*

இந்தியாவுக்கு இது சீக்கிரமே வந்துவிட்டது. பம்பாய் மாதுங்காவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தில் 1890களின் கடைசியில் ஒரு தொட்டி கட்டி, அதிலிருந்து வந்த வாயுவை விளக்கெரிக்கப் பயன்படுத்தினார்கள். ஹூக்ளிக் கரையின் சணல் ஆலைகள் கூலிகளின் கக்கூஸ்களுக்குச் செப்டிக் டேங்க் கட்டி, வெளிவந்த நீரை ஆற்றில் விட்டன. அது பெரிய புகாராகி, 1906-இல் வங்காள அரசு மான்செஸ்டரிலிருந்து கில்பர்ட் ஃபௌலர் என்ற வேதியியலரை வரவழைத்தது. பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் அவர்தான்.

ஆனால் இவையெல்லாம் ஆலை, விடுதி, ராணுவக் குடியிருப்பு மாதிரி இடங்கள். ஊருக்குள் அப்போது இருந்தது எடுப்புக் கக்கூஸ். ('கக்கூஸ்' டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல். டச்சுக் கோட்டைகள் இடிந்தன, சொல் நின்றது.) மதுரை 1866-இல் முனிசிபாலிட்டி ஆனது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், அவற்றின் பின்னால் ஓர் ஆள் மட்டும் போகிற சந்து. பல ஊர்களில் அதற்கு 'தோட்டிச் சந்து' என்றே பெயர். வீட்டுக்குள் வராமல், முகத்தைப் பார்க்காமல், பின்பக்கத் துளை வழியாக வாளியில் எடுத்துப்போக ஒருத்தர் தினமும் வருவார். பெரும்பாலும் அருந்ததியர். பெரும்பாலும் பெண்கள். கக்கூஸ் என்பது அன்றைக்கு ஒரு கட்டடமாக இருந்ததைவிட ஒரு தினசரி உறவாக இருந்தது, அசிங்கமான ஓர் உறவு. அதற்கு மாதாமாதம் கொடுத்த சில்லறையும் மிச்சச் சோறும்தான் செலவுக் கணக்கு.

1915-இல் பாட்ரிக் கெடிஸ் மதுரையைப் பார்க்க வந்தார். (அவர் இந்தியாவுக்குக் கப்பலில் அனுப்பிய நகரக் கண்காட்சிப் படங்களையெல்லாம் எம்டன் மூழ்கடித்திருந்தது. வேறு படங்களைச் சேர்த்துக்கொண்டு சென்னையில் கண்காட்சி நடத்திவிட்டுத்தான் வந்தார்.) சென்னை மாகாண நகரங்கள் பற்றிய அவருடைய அறிக்கைகளில் மதுரையும் உண்டு. சந்துகளை இடித்துப் பெரிய தெரு போடும் திட்டங்களை அவர் ஒப்பவில்லை. கெட்டதை மட்டும் எடுத்துவிட்டு ஊரை அப்படியே விடுகிற மென்மையான அறுவை அவருடைய வழி. கழிவைக் குழாயில் போட்டு ஆற்றுக்கு அனுப்புவதைவிட மண்ணுக்கும் தோட்டத்துக்கும் அனுப்புவதே சரி என்பதையும் இந்தியாவில் எழுதிய அறிக்கைகளில் விடாமல் வாதிட்டார். எனக்குக் கெடிஸைப் பிடிக்கும். ஆனால் தோட்டத்துக்கு அதை யார் சுமந்துபோவது என்ற கேள்வி அந்த வாதத்தில் சன்னமாகத்தான் கேட்கிறது. மதுரையில் பிறகு பாதாளச் சாக்கடை வந்தது. அவனியாபுரத்தில் கழிவுநீர்ப் பண்ணை வந்து, மாட்டுக்குப் புல் வளர்ந்தது. ஆனால் பாதாளச் சாக்கடை ஊரின் நடுவில்தான். மேற்கே நாகமலைப் பக்கம் அது வரவில்லை.

*

நாகமலைப் பக்கம் அப்போது வீடுகளும் அதிகமில்லை. மதுரையின் மேற்கே, தேனி ரோட்டை ஒட்டி நீளமாகப் படுத்திருக்கும் பாறைத்தொடர். திருவிளையாடல் புராணத்தில் நாகமெய்த படலம் இந்த மலையைப் பற்றியதுதான். சமணர்கள் ஏவிய பாம்பை அனந்தகுண பாண்டியன் அம்பெய்து வீழ்த்த, அது விஷத்தைக் கக்கி ஊரை மயக்க, இறைவன் அமுதம் தெளித்து நஞ்சை இறக்குகிறார். தெற்கே கொஞ்ச தூரத்தில் கீழக்குயில்குடி சமணர் மலை, அதன் சிற்பங்கள்.

1965-இல் அடிவாரத்தில் வெள்ளைச்சாமி நாடார் கல்லூரி தொடங்கியது. 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் பிறந்து, சில மைல் மேற்கே பல்கலை நகர் உருவானது. விரிவுரையாளர்கள், குமாஸ்தாக்கள், வங்கிக்காரர்கள் வந்தார்கள். என்.ஜி.ஓ. காலனி என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். சம்பளக்காரர்களின் ஊர் இது. இவர்களில் பலர் மதுரைக்குள்ளோ சுற்றுக் கிராமங்களிலோ பின்சந்து வீடுகளையும், கொல்லைப்பக்கத்தையும், கண்மாய்க் கரையையும் பார்த்து வளர்ந்தவர்கள். சொந்தமாகக் கட்டிய முதல் வீட்டில், பீங்கான் கோப்பையும் ஃப்ளஷ் தொட்டியும் வைத்தபோது, அவர்கள் ஒரு வாளியிலிருந்தும் ஒரு முகத்திலிருந்தும் விடுபட்டார்கள். அதைச் சாதாரண விஷயமென்று நான் சொல்ல மாட்டேன். தினமும் ஓர் ஆளை மலம் சுமக்க வைப்பதை நிறுத்தியது பெரிய காரியம்தான். சட்டம் பின்னால் நொண்டிக்கொண்டு 1993-இல்தான் வந்தது.

ஆனால் மூராவின் தொட்டியில் ஒரு நிபந்தனை உண்டு. அடியில் தங்கும் சேறு. அது கரைவதில்லை. ரெண்டு மூணு வருடத்துக்கு ஒருதரம் எடுத்தே ஆக வேண்டும். தானியங்கித் தோட்டி முழுக்கத் தானியங்கியல்ல. தினமும் வந்த ஆளை அது ரெண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் ஆளாக மாற்றுகிறது. அந்த ஒருமுறையையும் வேண்டாம் என்று தள்ளியதன் விலைதான் அந்த ஒன்றரை லட்சம். டயான் காஃபியும் டீன் ஸ்பியர்ஸும் 2017-இல் எழுதிய புத்தகம் இதையே வட இந்தியக் கிராமங்களை வைத்துச் சொல்கிறது: அரசாங்கம் கட்டச் சொல்லும் சின்னக் குழியை மக்கள் விரும்பாததற்குக் காரணம், அதை அடிக்கடி காலி செய்ய வேண்டும் என்பதும், காலி செய்வது குறிப்பிட்ட சாதியின் வேலை என்று அவர்கள் நினைப்பதும். தூய்மை இந்தியா திட்டத்தில் ஒரு கழிப்பறைக்கு 12,000 ரூபாய் கொடுத்தார்கள். அந்தக் காசில் கட்டக்கூடிய குழியைப் பார்த்து 'இது நாலு மாசத்துல நிறைஞ்சிரும்' என்று சிரிப்பவர்களை இங்கேயும் பார்க்கலாம். அதில் இரட்டைக் குழி முறை ஒன்று உண்டு. ஒன்று நிறைந்ததும் அடைத்துவிட்டு மற்றதைத் திறந்தால், அடைத்தது ஒன்றிரண்டு வருடத்தில் உரமாகிவிடும். மண்வெட்டியால் அள்ளலாம், நாற்றமும் இராது. எழுத்தில் அழகான ஏற்பாடு. அந்த மண்வெட்டியை யார் பிடிப்பது என்பதில் நின்றுவிடுகிறது.

*

பெரிய குழியில் உண்மையிலேயே என்ன நடக்கிறது? முதல் ஐந்து வருடம் ஒன்றுமில்லை. சேறு அடியில் சேர்கிறது. பத்தாவது வருடத்தில் அது தன் எடையாலேயே இறுகி, களிமண் மாதிரி ஆகிவிடுகிறது. லாரியின் குழாய் உறிஞ்சுவது தண்ணீரையும் குழம்பையும்தான். இறுகிப்போன அடிச்சேற்றை அது உறிஞ்சாது. மேலே இருக்கும் தண்ணீரை எடுத்துக்கொண்டு லோடு கணக்கை முடித்துவிட்டு லாரி போகும். அடியில் பாதித்தொட்டி அப்படியே. அப்போதுதான் வீட்டுக்காரர் சொல்வார்: "ஒரு ஆள எறக்கி நல்லாக் கலக்கி விட்டு எடுத்துருங்களேன், கூடக் கொறைய வாங்கிக்கங்க."

யாரும் இறங்கக் கூடாது என்பதற்காகக் காசு கொட்டி வெட்டிய அதே எட்டடி ஆழம்தான் ஆளை உள்ளே இறக்குகிறது. மூன்றரை அடித் தொட்டியை ரெண்டு வருடத்துக்கு ஒருமுறை எடுத்தால் சேறு குழம்பாகவே இருக்கும், மேலே நின்றபடி குழாயிலேயே வந்துவிடும். இறங்கவும் வேண்டாம், அதில் ஓர் ஆள் இறங்க இடமும் போதாது.

உள்ளே இருப்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கின் உணர்வையே அது அடித்துவிடும், நாற்றம் நின்றுபோகும். வாயு போய்விட்டது என்று நினைத்து இறங்குவார்கள். சேற்றைக் கிளறியதும் அடியில் சிறைப்பட்டிருந்த வாயு ஒரேயடியாக வெளியேறும். முதலில் இறங்கியவர் விழுவார், தூக்கப்போன இரண்டாமவரும் விழுவார். மதுரையில் 2015-இல் மலக்குழியில் இறங்கிய இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மதுரையைச் சேர்ந்த திவ்யபாரதி கேமராவோடு ஊர் ஊராகப் போய் 'கக்கூஸ்' ஆவணப்படத்தை எடுத்தார், 2017-இல் வெளியானது. 2022 ஏப்ரலில் பழங்காநத்தம் நேரு நகர் கழிவுநீரேற்று நிலையத்தில் மூன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அது வீட்டுத் தொட்டி அல்ல, பாதாளச் சாக்கடையின் கிணறு. வாயு ஒன்றுதான்.

2013-இன் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. பாதுகாப்பில்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவது குற்றம், முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். இது மாநகராட்சிக்கு மட்டுமான சட்டமில்லை, 'எந்த நபரும்' என்றுதான் ஆரம்பிக்கிறது. வீட்டுக்காரரும் அதில் வருவார். 2014-இல் உச்ச நீதிமன்றம் 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக்கியது. எஸ்டிமேட்டில் இல்லாத எண்கள் இவை.

*

இனி அந்தப் பகுதியின் மண். மலையடிவாரத்தில் நாலடி தோண்டினாலே சில இடங்களில் பாறை வந்துவிடும். ஜே.சி.பி.க்கு மணிக் கணக்கு, பாறை உடைக்கும் முனை மாட்டினால் இன்னும் கூடுதல். அதனால் காசு இல்லாதவர்கள் சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியில் தளம் போடாமல் விட்டுவிடுகிறார்கள். செங்கல் தொட்டியைவிட வெகு மலிவு. அதையும் செப்டிக் டேங்க் என்றுதான் சொல்வார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகர்ப்புற இந்தியாவில் செப்டிக் டேங்க் இருந்த வீடுகள் 38.2 சதவீதம், பாதாளச் சாக்கடை இருந்தவை 32.7 சதவீதம். அந்த 38-இல் எத்தனை தொட்டி, எத்தனை அடியில்லாத உறை என்று கணக்கெடுக்க வந்தவர் மூடியைத் திறந்தா பார்த்திருப்பார்?

அடியில்லாத உறை 'நிறையவே இல்ல சார்' என்று பெருமையாகப் பேசப்படும். நிறையாததற்குக் காரணம் அது கீழே போய்க்கொண்டிருக்கிறது. எங்கே போகும்? உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டர், ஏறத்தாழ 60 அடி இருக்க வேண்டும் என்பது விதி. மூன்று சென்ட் என்பது 1,300 சதுர அடி. முப்பதுக்கு நாற்பத்துமூன்றரை மனை. அதன் ஒரு மூலையில் போரும் எதிர்மூலையில் குழியும் போட்டால்கூட நடுவில் 53 அடிதான் வரும். மனை பிரித்த அன்றைக்கே விதி மீறப்பட்டுவிட்டது. தன் குழியை எட்ட வைத்தாலும் பக்கத்து வீட்டுக் குழி தன் போரின் தோளில்தான் இருக்கும். பாறைப் பூமியில் தண்ணீர் வெடிப்புகள் வழியாக ஓடுகிறது, மண்ணில் போல மெதுவாக வடிகட்டப்படுவதில்லை. இந்தச் செலவு பிறகு வேறு பெயரில் வரும். சமையலறையில் மாட்டிய வடிகட்டி இயந்திரத்தின் ஃபில்டர் மாற்றுகிற செலவாகவும், வாசலில் இறங்குகிற தண்ணீர் கேனாகவும்.

லாரிக்கு வருவோம். ஒரு லோடு ரெண்டாயிரம், தூரத்தையும் லாரியின் அளவையும் பொறுத்துக் கொஞ்சம் முன்பின். ரெண்டு வருடத்துக்கு ஒரு லோடு என்றால் மாதம் 85 ரூபாய்க்கும் கீழே. மொபைல் ரீசார்ஜைவிடக் குறைவு. ஆனால் இந்த ரெண்டாயிரத்தில்தான் டீசல், டிரைவர், கூட வரும் பையன், லாரித் தவணை எல்லாம் அடங்க வேண்டும். எடுத்த கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்தில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2014 செப்டம்பரில் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. இந்தியாவில் இதை முதலில் முறையாக யோசித்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நாகமலையிலிருந்து அவனியாபுரம் போக மதுரையின் நெரிசலைத் தாண்ட வேண்டும். ஒரு நடைக்குப் பாதி நாள். இருட்டிய பிறகு ஏதாவது ஒரு ஓடையோ ஆளில்லாத கண்மாயோ பத்து நிமிடத்தில் வந்துவிடும். டிரைவரைத் திட்டுவது எளிது. லோடுக்கு முன்னூறு ரூபாய் குறைத்துக் கேட்டவர்தான் அந்தக் கண்மாயைத் தேர்ந்தெடுத்தவர்.

பேரம் முடிந்து லாரி வந்து நிற்கும்போது இன்னொரு செலவு காத்திருக்கிறது. கட்டியபோது தொட்டிக்கு இரண்டு மூடி இருந்தது. திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றதால், பின்னால் போர்ட்டிகோ போட்டபோது அதன்மேலேயே சிமென்ட் பூசி, பூ டிசைனில் டைல்ஸ் ஒட்டி, காரை நிறுத்தியாகிவிட்டது. வீடு இடையில் ஒருமுறை கைமாறியிருந்தால் இன்னும் சிரமம். பையன் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு, கடப்பாரையோடு வாசலில் நிற்பான்.

"மூடி எங்க சார் இருக்கு?"

வீட்டுக்காரர் முதலில் கொத்தனாருக்குப் போன் போடுவார். எடுக்கவில்லையென்றால் வீட்டை விற்றவருக்கு.